ஞாயிற்றுக்கிழமை லாபம்

“ஞாயித்துக்கிழமை கூடவா ஒன்னோட டாலர் வியாபாரத்துல லாபம் வந்துச்சு?”

கீழ்பென்னாத்தூர் பஸ் திருவண்ணாமலையைத் தாண்டும்போது எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இப்படிக் கேட்டார். பக்கத்தில் டை கட்டியிருந்தவன் அவர் மனைவியின் தம்பி என்று பேச்சில் தெரிந்தது.

“ஆமா மாமா. தெனமும் ஏறுது. நெட் சென்டர்ல கம்ப்யூட்டர்ல காட்னாங்க.”

“சனி, ஞாயிறு வெளிநாட்லயும் அந்த மார்க்கெட்டு லீவுடா. மூடின கடையில எப்படி லாபம் வரும்? போட்டத திருப்பிக் கேளு.”

“கேட்டேன். எனக்குக் கீழ ரெண்டு பேரு சேந்தாதான் எடுக்க முடியுமாம். ஒருத்தரச் சேத்துட்டேன். நீங்க சேந்தா முடிஞ்சிது.”

“புதுசா வர்றவன் பணத்தையே பழைய ஆளுக்கு லாபம்னு காட்றான். அது கூட தெரியலையா ஒனக்கு?”

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“யாரு அந்த ஒருத்தரு?”

“அக்காதான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லுச்சு.”

அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“ஆடிப்பெருக்குக்குத் தாலிய மஞ்சக்கயித்துல கோத்தா. தை பொறந்துடுச்சு. ஏன் இன்னும் செயினுக்கு மாத்தலன்னு கேட்டா, கயிறுதான் மங்களம்னு சொன்னா.”