மைனியின் அரை மணி நேரம்

பாளையங்கோட்டை போகும் நகரப் பேருந்தில், முன் இருக்கை அம்மாள் பேசியதைக் கேட்டு என் தூக்கம் கலைந்தது.

"லெந்து நோம்பு முடியுத வரைக்கும் சீரியல் பாக்க மாட்டேன்னுதான் ஆண்டவர்கிட்ட சொன்னேன். கேக்க மாட்டேன்னு சொல்லல. நீ கதையச் சொல்லு."

பக்கத்தில் இருந்தவர் நாத்தனார் போலும். "மைனி, இது கள்ளக்கணக்குல்லா."

"என்ன கள்ளக்கணக்கு? நேரத்த வீணாக்காதியன்னு போதகர் சொன்னாவல்லா. இப்பம் அந்த அரை மணி நேரமும் முழங்கால்ல நின்னு ஜெபந்தான்."

"யாருக்காவ ஜெபிக்கிய?"

பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

"அந்த மூத்த மருமவளுக்காவத்தான். மாசமா இருக்கவள மாமியாக்காரி வெளிய தள்ளிட்டா. புருஷங்காரன் மரம் மாதிரி நிக்கான். எங்கன போயிக் கெடக்காளோ."

"மைனி, அவ சீரியல்ல வாரவ."

"இருக்கட்டுமே. மனசு கேக்கலல்லா."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கப் பாலம் முழுவதும் ஆயிற்று.

"நேத்து அவ வீட்டுக்கு வந்துட்டா மைனி. மாமியாரே போயி, அழுது, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா."

மைனி கண்களை மூடினார். "ஸ்தோத்திரம்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்க எழுந்தவர், பையைத் தோளில் மாட்டியபடி சொன்னார்: "இனி அந்தப் புருஷங்காரனுக்கு ஜெபிக்கணும். அவனுக்கு இந்த லெந்து பத்தாது."