பதினோராம் எண்ணுக்கு ஓர் எலுமிச்சம்பழம்

மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மோந்துகொண்டே போனால் போதும். மாத்திரை வேண்டியதில்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் தோட்ட ஜீப்புகளில் நான் போய்வந்த அந்த ஆறு மாதமும் என் பையில் நான்கைந்து பழங்கள் எப்போதும் இருந்தன. சந்தையில் நானே பார்த்து வாங்கியவை. ஆய்வில் பங்கேற்றவர்களை நான் மனிதர்களாக நடத்தவில்லை என்று புகாரில் எழுதியிருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லித்தருகிறேன். முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஆய்வு நெறிமுறைப் பாடத்தையும் நான்தான் எடுக்கிறேன். இல்லாத எண்ணை எழுதாதே, வந்த எண்ணை அழிக்காதே, மற்றதெல்லாம் இதற்கு விளக்கவுரை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். இந்த விசாரணைக் குழுவில் இருக்கும் ஐவரில் இருவர் ஒரே படத்தை இரண்டு கட்டுரைகளில் வேறுவேறு தலைப்புகளோடு போட்டிருக்கிறார்கள். யார் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றைய விசாரணை அதைப் பற்றியது அல்ல. என் கட்டுரைகளில் அப்படி எதையும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காக மட்டும் சொன்னேன்.

ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் ரத்தத்தில், விஷம் உடம்பில் சேரச் சேர, ஒரு நொதி குறைந்துகொண்டே வரும். எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று, எனக்குத் தெரிந்து, இந்த மலையில் யாரும் ஆள் ஆளாகத் தொடர்ந்து அளந்ததில்லை. போடி, சிலமலைப் பக்கத்து ஆட்கள் இருபத்துநான்கு பேரைச் சேர்த்தேன். இரண்டு மாதமாவது மருந்தைத் தொடாமல் ஊரில் வயல்வேலை பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த முதல் அளவை நூறு என்று வைத்துக்கொண்டோம். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் ஜீப் கிளம்பும் முன் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுப்போம். கையடக்கக் கருவி அங்கேயே அளவைக் காட்டிவிடும். ஆளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். பக்கத்தில் அறிகுறிக்கு ஒரு பத்தி.

முடிவுகளை ஆய்வு முடிந்த பிறகு தெரிவிப்போம் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. இடையில் ஒருவருக்குச் சொல்லி வேலையை நிறுத்தச் செய்ய வேண்டுமானால், அளவு பாதிக்குக் கீழே போயிருக்க வேண்டும், கூடவே மருந்தால் வந்த அறிகுறியும் இருக்க வேண்டும். ஒன்பதாவது பிரிவு. எழுதியது நான். கையெழுத்துப் போட்டது உங்கள் நெறிமுறைக் குழு. படித்துப் பார்த்துத்தான் போட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பதினோராம் எண் வீரணன். சிலமலைக்காரர், நாற்பத்தொரு வயது. நூறு, எண்பத்தெட்டு, எழுபத்தொன்பது, அறுபத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்று, நாற்பத்துநான்கு, முப்பத்தெட்டு. எட்டுச் சுற்று. மற்றவர்கள் ஒரு நாள் வருவார்கள், ஒரு நாள் வரமாட்டார்கள், நடுவில் கல்யாணம் காட்சி என்று போய்விடுவார்கள். அவர்களுடைய கோடுகள் பல்லுப்போன சீப்பு மாதிரி இருக்கும். வீரணன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவ்வளவு ஒழுங்காக இறங்கும் கோட்டை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

ஆறாவது சுற்றிலிருந்து அவருக்கு வளைவுகளில் வாந்தி வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த மலை ஏறுகிறவர். ஜீப்பில் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னப்பு வீரணா, எத்தனாவது மாசம்?" என்றாள் சுந்தரம்மாள். காய் எடுக்கப் போகும் பெண்களில் மூத்தவள்.

"போ ஆத்தா. தின்னது ரெண்டு இட்லி. அதையும் இந்த சோலைமலைப் பய ஸ்டீயரிங்க ஒடிச்சு ஒடிச்சு வெளிய எடுத்துர்றான்."

"நான் என்னண்ணே செய்ய, ரோட்டப் போட்டவனக் கேளு" என்றான் ஓட்டுநர் சோலைமலை.

நான் பழத்தைக் கீறிக் கொடுத்தேன். வாங்கும்போது கை நடுங்கியது. கண் விழிகளின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கண்ணுக்கு முன்னால் புகை போட்ட மாதிரி இருக்கிறது என்றார். மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது உண்மைதான். அறிகுறிப் பத்தியில் 'மலைப்பாதை வாந்தி' என்று எழுதினேன். ஜீப்பில் இருந்த பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். அடுத்த இரண்டு சுற்றுகளிலும் அதையே எழுதினேன்.

எட்டாவது சுற்றில் அவரே கேட்டார்.

"சார், ரத்தம் எப்பிடி இருக்கு? நல்லா இல்லேன்னா சொல்லிருங்க. கீழயே வயக்காட்டுச் சோலி கெடக்கு. எங்க வீட்ல காளீஸ்வரி, மருந்தடிக்க ஒண்ணும் போக வேணாம்ங்கிறா."

"ஆய்வு முடிஞ்சதும் எல்லாருக்கும் மொத்தமா சொல்றோம், வீரணன்."

அவர் ஜீப்பைப் பார்த்துத் திரும்பி, "சார் ஒண்ணுஞ் சொல்லலேன்னா நல்லாத்தேன் இருக்குன்னு அர்த்தம்" என்றார். அது அவருடைய முடிவு. அதில் நான் தலையிடவில்லை.

சுசித்ரா என் ஆய்வு மாணவி. அவள் கொடுத்த புகாரால்தான் இன்று இங்கே இருக்கிறேன். அன்று மாலை என் அறைக்கு வந்தாள். "சார், பதினொண்ணு முப்பத்தெட்டுக்கு வந்துருச்சு. அந்த அண்ணன்கிட்ட சொல்லிரணும் சார்" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. நான் பொறுமையாக விளக்கினேன். சொன்னால் அவர் மருந்தடிப்பதை நிறுத்துவார். நிறுத்தினால் கோடு மேலே திரும்பும். அப்படித் திரும்பும் கோடு இயற்கை வரைந்தது ஆகாது, நாம் வரைந்தது ஆகும். எண்ணை மாற்றுவதும் எண் வருகிற ஆளை மாற்றுவதும் ஒரே குற்றம். இதை வகுப்பில் கேட்டபோது அவள்தான் வேகவேகமாகக் குறிப்பெடுத்தாள். நடைமுறையில் வந்ததும் அழுகிறாள். ஒன்பதாவது சுற்றின்போது எங்களிடமிருந்த இரண்டாவது கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளை மதுரைக்கு அனுப்பினேன். கருவி அவசியமாகச் சரிபார்க்க வேண்டிய நிலையில் இல்லை. அவள் அந்த நிலையில் இருந்தாள்.

ஒன்பதாவது சுற்றில் இருபத்தொன்பது வந்தது. மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் வீரணன் ஏலச்செடிகளுக்கு நடுவே மருந்துக் குழாயைப் பிடித்தபடியே விழுந்தார். வாயில் நுரை. சோலைமலை அதே ஜீப்பில் கீழே கொண்டுவந்தான். போடி வந்து சேரும்போது உயிர் இல்லை.

துக்கத்துக்குப் போனேன். காளீஸ்வரி என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். கையில் ஒரு பழம் இருந்தது, வாடிப்போனது. "இது அவுக சட்டப் பையில இருந்துச்சு. நீங்க குடுத்ததாம்" என்றாள். பிறகு, "ரத்தத்துல ஒண்ணுமில்லேன்னுதான சார் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. எதுவுமே சொல்லவில்லை. துக்க வீட்டில் அதைத் திருத்திக்கொண்டிருப்பது முறையல்ல என்று வந்துவிட்டேன்.

மீதி மூன்று சுற்றை இருபத்துமூன்று பேரோடு முடித்தோம். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. என்மேல் புகார் கொடுத்தவள் என்பதற்காகச் சுசித்ராவின் பெயரை நான் எடுக்கவில்லை. இரண்டாவது ஆசிரியராக அப்படியே இருக்கிறாள். தன் பெயரை நீக்கச் சொல்லி அவள் மூன்று கடிதம் எழுதியும், வேலை செய்தவரின் பெயர் இருந்தாக வேண்டும் என்பது விதி என்று பதில் அனுப்பினேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வீர்கள் என்று கேள்விப்படுகிறேன். எந்த எண் தவறு என்று காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் நாளை சோலைமலை வந்து சொல்வான்.

அந்தக் கடைசி நாள் வீரணன் வாந்தி எடுத்தது மலையில் அல்ல. போடி ஜீப் நிறுத்தத்தில், சமதரையில், விரலில் குத்தி முடித்த கையோடு. முதல் வளைவுக்கே இன்னும் எத்தனையோ கிலோமீட்டர் இருந்தது. சோலைமலை அப்போதுதான் சாவியைப் போட்டான்.

"என்ன சார் இது, வண்டி இன்னும் நகரவே இல்ல" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. வீரணனும் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார், நான் என்ன சொல்வேனோ என்று.

பையிலிருந்து பழத்தை எடுத்துக் கொடுத்தேன். மேலே போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

"சார் சொன்னாச் சரிதேன்" என்று ஏறி உட்கார்ந்தார்.

அன்று நான் ஜீப்பில் ஏறவில்லை. அது கண்ணை விட்டு மறைந்ததும் குறிப்பேட்டைத் திறந்து 'மலைப்பாதை வாந்தி' என்று எழுதினேன். அது அறிகுறிப் பத்தி. அதில் எண்கள் வருவதில்லை.