மாட்டுக் கொட்டிலில் சக்கரப் பட்டறை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஏரல் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் புருஷனிடம் சொன்னாள்:

“நீங்க செய்யுத வண்டிச் சக்கரம் நம்ம வீட்டை விட்டு வெளிய வராது.”

அவன் தச்சன். அண்ணன் பட்டறையில் சண்டை போட்டு வந்துவிட்டானாம். வீட்டில் காலியாகக் கிடக்கும் மாட்டுக் கொட்டிலைத் தன் பட்டறையாக்க, மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏளா, வாயைக் கழுவு. ஏன் வராது?”

“சக்கரம் உங்க தோள் உசரம். கொட்டில் வாசல்ல நீங்க இடுப்பை வளைச்சுல்லா நுழையுதீங்க?”

அவன் கைக்குச்சி நின்றுவிட்டது.

“வாசலை இடிச்சு உசத்துவோம்.”

“இருக்க காசு மரத்துக்கே காணாது. கொத்தனாருக்கு எங்க போவோம்?”

“அப்போ அண்ணன்கிட்டயே போயிக் கூலிக்கு நிக்கச் சொல்லுதியா?”

“அப்படியா சொன்னேன்? நடுக் குடம், ஆரக்கால், சுத்து வட்டைனு துண்டு துண்டா எல்லாத்தையும் உள்ள வச்சுச் செதுக்குங்க. சக்கரமாச் சேக்கதை மட்டும் வாசல் வேப்பமரத்தடியில வச்சுக்கிடுங்க.”

“மழை பெஞ்சா?”

“நான் ஓலை முடையுதேன். போற வாற வண்டிக்காரன் பாத்தா வேலையும் வரும்லா.”

அவன் கொட்டில் கோட்டுக்கு வெளியே பெரிதாக ஒரு வட்டம் போட்டான். ஓடக்காரர் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவள்தான் தோளைத் தட்டினாள்:

“வட்டத்தை அங்கன போயிப் போடலாம், எந்திரிங்க.”

வேப்பமரம் என்றாளா, புளியமரம் என்றாளா, சரியாக நினைவில்லை. அக்கரைக்குப் போகிறவர்கள், எந்த மரத்தடியில் சக்கரம் பூட்டுகிறார்கள் என்று பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள்.