ரெண்டு விரல் டாக்டர் மறக்கச் சொன்னது

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் டாக்டரின் துணைவியாரே, வேலை உடுப்போடு ஓடிவந்து சுவரோரம் நிற்கும் என் வார்டுத் தோழர்களே, வணக்கம்.

குழந்தைகள் அவசரப் பிரிவின் தலைமைச் செவிலியாக நம் டாக்டரோடு ஓயாமல் சண்டை போட்டவள் நான். அந்த உரிமையில் பேசுகிறேன். நம் குழந்தை மருத்துவரை எத்தனை பேர் பெயர் சொல்லி அழைத்தோம்? ரெண்டு விரல் டாக்டர்! கைக்குழந்தையின் இதயம் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவே இரண்டு விரல் வைத்து அழுத்த வேண்டும் என்று வகுப்பெடுத்தே அந்தப் பெயரை வாங்கினார். தேநீருக்கு வரிசையில் நிற்பவரைக்கூட விடமாட்டார். "எங்கே, விரலை வெச்சுக் காட்டு!" வகுப்புப் பொம்மையின் நெஞ்சில் சாயமே போய்விட்டது.

பிறகு புதிய வழிகாட்டுதல் வந்தது. இரண்டு விரல் போதிய ஆழத்துக்கு அழுத்துவதில்லை. இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்துங்கள், இல்லையென்றால் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்துங்கள் என்றது. காலமெல்லாம் சொல்லிக்கொடுத்ததை இனி வேண்டாம் என்றால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? அவர் என்ன செய்தார்? எங்களைக் கூட்டிவைத்துச் சிரித்தார். "நான் சொன்னதை மறந்துடுங்க. என் கை பழையபடி போனா, தட்டி விடுங்க. மரியாதையெல்லாம் அப்புறம்."

போனது! ஒரு நாள் காலை, மூச்சுப்பேச்சில்லாத தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் ஒரு அப்பா. பதற்றத்தில் டாக்டரின் இரண்டு விரல்களும் நெஞ்சுக்குப் போயின. பட்டென்று தட்டிவிட்டேன். "சார், கட்டைவிரல்!" முகம் சுளிக்கவில்லை. கையை மாற்றினார். அவர் நெஞ்சை அழுத்த, நான் காற்றுப் பையை அழுத்த, நாடி திரும்பியது. மறுநாள் அந்தக் குழந்தை வார்டே அதிர அழுதபோது, பக்கத்தில் நின்று நம் டாக்டரும் அழுதார்.

அதன்பிறகு வீட்டில் தலையணையை அமுக்கிப் பழகினாராம். "ஒரு தலையணைகூட உருப்படியா இல்ல சிஸ்டர்" என்று முன்வரிசையில் இருக்கும் அம்மா என்னிடம் புகார் சொன்னார்கள். சிரியுங்கள் அம்மா, அவர் இருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

டாக்டர், நீங்கள் இல்லாத வார்டுக்குள் நுழைய எனக்கு மனமே வரவில்லை. உங்களை மறக்கவே மாட்டோம். ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை, அதைவிட நல்லது வரும் அன்றைக்கே மறந்துவிடுவோம். சபையறிய இது எங்கள் வாக்கு.

எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவதெல்லாம் அவருக்கு ஆகாது. அதனால் அவருடைய பொம்மையை இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராக வந்து அழுத்திக் காட்டுங்கள். அம்மா, முதலில் நீங்கள். பயப்படாதீர்கள், கை தவறினால் தட்டிவிட நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.