தலைவர் பேசுவார்

நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகில், "மீனவர் சங்கத்தில எங்கட பெட்டியைக் கழற்றித் தந்திட்டினம்" என்று ஒரு பெண் சொன்னார். அவர் மடியில், அலுவலகத் தொலைபேசிகளை இணைத்து, அழைப்பவருக்குப் பதிவுக் குரலில் பதில் சொல்லும் கருவி. பக்கத்தில் ஒரு சென்னைக்காரர். இருவரும் கூட்டாக அதைச் செய்து விற்பவர்கள் என்று அவர்கள் உரையாடலில் தெரிந்தது.

"பெட்டி நல்லாத்தானே வேலை செஞ்சுது?"

"ஓம். சங்கத்துக்குப் போன் எடுத்தா உம்மட குரல் என்ன சொல்லுது?"

"'சற்றுப் பொறுங்கள், தலைவர் பேசுவார்.'"

"இஞ்ச பேசுறதெண்டா ஏசுறது. 'கதைப்பார்' எண்டு மாத்தச் சொல்லி மூண்டு தரம் சொன்னனான்."

"ஒரு வார்த்தைதானேன்னு விட்டுட்டேன்."

"எஞ்சின் நிண்டு கடலில தவிச்ச மனுசன், உதவிக்குச் சங்கத்துக்கு எடுத்திட்டு, பேச்சு விழப்போகுதெண்டு போனை வச்சிட்டார். வேற வள்ளம் கண்டபடியால் தப்பினவர். நாளைக்கே கூட்டை முறிக்கிறன். இனி உம்மோட கதைக்க ஒண்டுமில்லை."

அந்தப் பெண் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். குறிகட்டுவான் துறை தெரிந்தது.

"அக்கா," என்றார் சென்னைக்காரர், மெதுவாக. "கதைக்க வேணாம். என்னைப் பேசவாவது பேசுங்க."