அகில் வாசம் எழும்வரை

வாசனைத் திரவியத்தை மணிக்கட்டில் அடித்ததும் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கிறார்களே, அது பெரிய தவறு, இன்ஸ்பெக்டர் சார். தேய்த்தால் அந்தச் சூட்டிலேயே பழ வாசனை பறந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

நீங்கள் இந்துஜாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவள் கையில் அடித்தது நானே கலந்த திரவியம். தோலில் பட்டதும் லைச்சிப் பழமும் பேரிக்காயும் முந்திக்கொண்டு வரும். கொஞ்சம் பகட்டுதான், கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. அது அடங்கினால் மல்லிகை, சம்பங்கி. அதற்கும் பிறகு, உடம்புச் சூட்டில் ஊறி, அகில் கட்டை மெல்ல எழும். அந்த அகிலுக்காகத்தான் மற்றதெல்லாம்.

இந்துஜா கிள்ளான் பெண். கைப்பேசியில் வீடியோ எடுத்து வாசனைத் திரவியங்களுக்கு மார்க் போடுகிறவள். அவள் பேச்சை நம்பி வாங்குகிற கூட்டம் பெரியது. என் கடையில் ஒருமுறை அடித்துப் பார்த்தாள், ஒரே ஒரு மூச்சு இழுத்தாள், கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: “ஷாம்பு மாதிரி இருக்கு லா. அவ்வளவுதான் கைஸ், நெக்ஸ்ட்.”

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது. என் மனைவி மீனலோசனியைக் கேட்டுப் பாருங்கள். இப்போது அவள் செமினியில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

இந்துஜாவை மறுபடி அழைத்தேன். வந்தாள், அந்தப் பண்பை மறுக்கமாட்டேன். பக்கத்து வாழையிலைக் கடையின் ரச வாசனை முன்கடைக்குள் வருகிறது என்று உள்ளே சரக்கு அறையில் உட்காரவைத்தேன். அங்கே ஜன்னல் கிடையாது, வேறு எந்த வாசனையும் கிடையாது. ஏர்கோனையும் நிறுத்தினேன். குளிரில் திரவியம் தூங்கிவிடும். கைப்பையையும் போனையும் வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, அவள் மணிக்கட்டில் திரவியத்தை அடித்தேன்.

பழம் நன்றாக வந்தது, அவளே சொன்னாள். பூ எழத் தொடங்கும்போது அவளும் எழுந்துவிட்டாள். “போதும் அங்கிள், எனக்கு இன்னொரு ஷூட் இருக்கு.”

நான் வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

தட்டினாள். கத்தினாள். கத்தினால் வியர்க்கும், வியர்த்தால் மல்லிகை கலைந்துவிடும் என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

“அங்கிள், எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் பையில இருக்கு. குடுங்க அங்கிள், ப்ளீஸ்.”

பையைத் திறந்து பார்த்தேன். இருந்தது. முகர்ந்தும் பார்த்தேன். மருந்து நெடி. அதை உள்ளே கொடுத்தால் இத்தனை நேரம் காத்ததெல்லாம் வீண், அவளுக்கும்தான். திரும்பப் பையிலேயே வைத்து ஜிப்பை மூடினேன். கொஞ்ச நேரத்தில் அமைதியானாள். ஒருவழியாக உட்கார்ந்து முகர ஆரம்பித்துவிட்டாள் என்று மகிழ்ந்து, எதிர்க்கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன்.

கதவைத் திறந்தபோது தரையில் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலமாகியிருந்தது. மணிக்கட்டைத் தூக்கி முகர்ந்தேன். அகில். ஆழமான, சுத்தமான அகில். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். வந்தவர்களையும் முகரச் சொன்னேன். ஒருவருக்கும் ரசனை இல்லை.

நான் பூட்டினேன், அவள் செத்தாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் சார்ஜன்ட் கிஷன் காலையில் ஒன்று கேட்டார்: “அந்த ரூம் ஃபுல்லா அகில் கட்டை மூட்டைதானே அங்கிள்? அங்க யார் கைய மோந்தாலும் அந்த வாசம்தானே வரும்?”

நியாயமான கேள்வி. அந்த மூட்டைகளோடேயே இருந்து பழகிய மூக்கு, எனக்கு அது தோன்றவேயில்லை. ஒரு பெண் போய்விட்டாள், என் திரவியச் சோதனையின் முடிவு மட்டும் இன்னும் சந்தேகத்தில் நிற்கிறது. அதுதான் என் ஒரே வருத்தம்.

இந்த அறையில் மூட்டை எதுவும் இல்லை. என் புட்டி உங்கள் சான்றுப் பையில்தான் இருக்கிறது. கதவும் நன்றாகச் சாத்துகிறது. உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள், சார்.