தலையணைத் தூசி

— விடிஞ்சதும் அவ எந்திரிப்பா. பாயைச் சுருட்டுவா. தலையணையைத் தட்டி மேல போடுவா. அடுப்பு மூட்டுவா. டீ கொடுப்பா. அவ்வளவுதான் டாக்டர்.

— தலையணையை எங்க வச்சுத் தட்டுவாங்க, அரசப்பன்?

— இங்கதான். இந்த அறையில.

— வாசல்ல இல்லையா?

— இல்ல.

— தட்டினதும்?

— தும்முவா. அப்புறம் இழுப்பு வரும்.

— ஏன் டாக்டரம்மா, எம் மருமவ அகிலாண்டம் போயி வருசம் திரும்பப் போவுது. இப்ப வந்து பாயச் சுருட்டினாளா, தலவாணியத் தட்டினாளான்னு கேட்டுக்கிட்டு!

— அம்மா, நீ சும்மா இரு.

— நான் ஏண்டா சும்மா இருக்கணும்? போன வாரம் வந்து வீட்டுத் தூசிய பிரஷ்ஷால கூட்டிக் கவர்ல அள்ளிக்கிட்டுப் போனாங்களே, வறுத்துத் திங்கவா? நீ பி.ஏ. படிச்சவன், உனக்கு வெளங்குது.

— மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்க்கம்மா. உங்க மருமக தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில வந்து படுத்தா நல்லாயிடுவாங்க. வீட்டுக்குத் திரும்பினா மறுபடியும் இழுப்பு. நாங்க மருந்தைத்தான் மாத்தினோம். வீட்டை வந்து பார்க்கல. அப்பவே வந்திருக்கணும்.

— வந்து என்னத்தக் கண்டீங்க?

— கண்ணுக்குத் தெரியாத பூச்சி. படுக்கையில, இலவம்பஞ்சுல, இந்த நெல் மூட்டையில. கூடவே பூஞ்சாணம். மூடிக் கெடக்கற அறையில அது நல்லாப் பெருகும். அந்தத் தூசி மூச்சுல போனா சிலருக்கு நெஞ்சு அடைச்சுக்கும்.

— நல்லா இருக்கு கத! நெல்லுக்குள்ளயே பொறந்து வளந்தவ அவ. நாத்து நட்டா, கருதறுத்தா, களத்துல தூத்தினா. அங்க ஒரு நாளும் இழுப்பு வந்ததில்ல. களத்துல படுத்தா நல்லாத் தூங்குவா.

— அதத்தாம்மா நானும் சொல்றேன். களத்துல காத்து இருக்கு. இங்க சுவரு முழுக்க மூட்டை, புழுங்கின வாடை. இருக்கறது தெருவப் பாத்த ஒத்தை ஜன்னல், அதுவும் அடைச்சுக் கெடக்கு. நெல்லை ஏன் படுக்கற எடத்துல அடுக்கினீங்க?

— டாக்டரம்மா நெசமாவே டாக்டருதானா, இல்ல தாசில்தாரு அனுப்பின ஆளா?

— அம்மா!

— கேட்டு வச்சுக்கறது நல்லதுடா.

— நான் அதிராம்பட்டினத்துப் பொண்ணும்மா. பேரு ஜன்னத். தூசியத் தவிர வேற எதப் பத்தியும் வெளிய பேச மாட்டேன்.

— குத்தகை நிலம், டாக்டர். சட்டம் வந்துச்சுன்னு எங்க பேரைப் பதிவு பண்ண மனு கொடுத்தோம். மிராசுதாரு கேஸ் போட்டாரு. களத்துல குவிச்சிருந்த நெல்லை ஆள் வச்சு அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. அதுலேருந்து அறுத்ததும் ராத்திரியோட ராத்திரியா இங்க வந்துடும். இது ஐப்பசி மழையில நனைஞ்ச குறுவை.

— போன வருசமும் இப்படித்தானா?

— ஆமா.

— சரி. உள்ள இருமுறது உங்க பொண்ணு மலர்விழிதானே? எங்க படுக்குது?

— இங்க. அவ அம்மா தலையணையில.

— ராத்திரியில எப்படி இருக்கு?

— நேத்து உக்காந்தே தூங்கிச்சு.

— அரசப்பன், அந்தத் தலையணையை எங்கிட்டக் கொடுத்துடுங்க. மூட்டையை வேற எங்கயாவது மாத்துங்க. ஜன்னலைத் திறங்க. இன்னைக்கே.

— தலையணையைக் கேக்காதீங்க டாக்டர்.

— ஏன்?

— அதுல அவ தலை எண்ணெய் வாசனை இருக்கு. பாப்பா அது இல்லாமத் தூங்காது. நானும்.

— புள்ளை மூச்சு விட வேணாமா?

— ...எடுத்துக்கங்க.

— தலவாணிய எடுத்துக்கிட்டுப் போங்க. ஜன்னல மட்டும் தொறக்க விட மாட்டேன். மார்கழிப் பனி! வெடியக்காலம் வாசத் தெளிக்கப் போயிப் பனி பட்டுத்தான் ஆத்தாக்காரி போனா. “புள்ளையப் பாத்துக்கங்க”ன்னுட்டுத்தான் கண்ண மூடினா. ஊருக்கே தெரியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உசுரோட கெடக்கேன்.

— நகரும்மா.

— டேய், கொக்கியில கைய வைக்காத!

— பனிக்காக மூடின ஜன்னல் இல்லம்மா இது. நீ அப்ப வண்டி கூப்பிட ஓடியிருந்தே. உனக்குத் தெரியாது.

— எனக்கு என்னடா தெரியாது?

— அவ புள்ளையப் பத்தி ஒண்ணும் சொல்லல. உன் மனசுக்காக நான் சொன்னது அது.

— அடப்பாவி... பின்ன என்னதான்டா சொன்னா?

— மூச்சுக்குத் தவிச்சா. நான் இந்த ஜன்னலைத் திறக்கப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டா.

— சொல்லுடா.

— “தொறக்காதீங்க. நெல்லு வெளிய தெரியும்.”